சாக்கை சால்மனுக்கு ஆப்ரிகாட் கிளேஸ்: பழத்தை எப்போது பூசுவது, எவ்வளவு இனிப்பு?

ஃப்ரேசர்கரை (சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா):

ஜூலை பாதியில் ஓகனாகன் பள்ளத்தாக்கு ஆப்ரிகாட் வான்கூவர் பக்கச் சந்தைகளில் வந்து குவியும். கொஞ்ச நாளில் சாக்கை சால்மனும் ஸ்டீவ்ஸ்டன் படகுத்துறைக்கு வந்துவிடும். பழமும் மீனும் சேர்ந்து கிடைக்கும் அந்தச் சில வாரங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. அதனால்தான் இந்த இழை.

பழக் கிளேஸ் (மேலே பளபளப்பாகப் பூசும் பழக்கூழ்) போட்ட சால்மன் குறிப்புகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு பாட்டில் ஜாமை எடுத்து, பச்சை மீன் மேல் தடவி, 200 டிகிரியில் 20 நிமிடம் வை என்றுதான் இருக்கும். நல்ல சாக்கைக்கு இது செய்யக்கூடாத காரியம். பழம் புளிப்பாக இருக்க வேண்டும், கடைசியில்தான் மீனைத் தொட வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதை அவரவர் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான் செய்யும் முறை: தோலோடு 700 கிராம் சாக்கை ஃபில்லட். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து மீனை 10 நிமிடம் முக்கி வைப்பேன். எடுத்துக் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி, மூடாமல் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பேன். மேற்பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். ஈரமான மீனில் எந்தக் கிளேஸும் நிற்காது, வழிந்து தட்டில் தேங்கிவிடும்.

கிளேஸுக்கு 350 கிராம் ஆப்ரிகாட். கொஞ்சம் கெட்டியாக, அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் பழம் போதும், கனிந்து குழைந்தது வேண்டாம். கொட்டையை நீக்கி, தோலோடு நறுக்கி, ஒன்றரை மேசைக்கரண்டி தேன், அரை எலுமிச்சைச் சாறு, துருவிய இஞ்சி கொஞ்சம், அரைத் தேக்கரண்டி உப்பு, சில்லி ஃபிளேக்ஸ் சேர்த்துச் சின்னத் தீயில் 15 நிமிடம். மசித்து வடிகட்டி, ஒரு தேக்கரண்டி டிஜான் கடுகு விழுது கலந்தால் சரி. கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

மீனுக்கு எண்ணெய் மட்டும் தடவி, தோல் கீழே இருக்கும்படி 135 டிகிரி ஓவனில் வையுங்கள். தடித்த இடத்தில் வெப்பமானி 44, 45 காட்டியதும் வெளியே எடுங்கள். கனத்தைப் பொறுத்து 12 முதல் 18 நிமிடம் ஆகும். இப்போது கிளேஸை மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நிமிடம் பிராயில் (ஓவனின் மேல் கம்பிச் சூடு), மறுபடி ஒரு பூச்சு, மறுபடி ஒரு நிமிடம். அவ்வளவுதான். மீன் 50 டிகிரியை ஒட்டி நிற்கும், மேலே பழம் பளபளவென்று அங்கங்கே பழுப்பாக இருக்கும்.

உங்கள் முறைகளையும் எழுதுங்கள். பழத்தை மாற்றிச் செய்பவர்கள் அவசியம் எழுத வேண்டும்.

---

குழம்புச்சட்டி (சான் ஹோசே):

உங்கள் முறையில் உள்ள அக்கறை தெரிகிறது. ஆனாலும் அடிப்படையிலேயே எனக்கு உடன்பாடில்லை. மீனுக்குப் புளியும் மிளகும் பூண்டும் போதும். இனிப்பு சேர்ந்தால் மீனின் ருசியே பின்னால் போய்விடுகிறது. உணவகங்களில் கிடைக்கும் மாம்பழ சால்மன், அன்னாசி சால்மன் எல்லாம் ஜாம் தடவிய ரொட்டியைச் சாப்பிடுவது போலத்தான் இருக்கிறது. சாக்கை மாதிரி தனக்கென்று அழுத்தமான ருசியுள்ள மீனுக்கு இது எதற்கு?

---

கெலோனாவாசி (கெலோனா, பிரிட்டிஷ் கொலம்பியா):

குழம்புச்சட்டி, உணவகத்துக் கிளேஸைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சால்மனும் பழமும் சேராது என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு ஏற்க முடியாது.

நான் இருக்கும் ஓகனாகன் பள்ளத்தாக்கு சியில்க்ஸ் மக்களின் நிலம். அவர்களுடைய பழங்கதையில் நான்கு உணவுத் தலைவர்கள் வருகிறார்கள்: கருங்கரடி, சால்மன், பிட்டர்ரூட் என்ற கிழங்கு, சாஸ்கட்டூன் பெரி. மனிதர்கள் எதை உண்டு வாழ்வது என்று அந்த நால்வரும் கூடிப் பேசுகிறார்கள். நீரிலிருந்து சால்மன், செடியிலிருந்து பெரி. இரண்டும் ஒரே மன்றத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கிளேஸ் என்பது பிற்காலத்து ஓவன் சமையல், அது வேறு. ஆனால் இந்த மீனும் இந்த மண்ணின் பழமும் ஒன்றாக நினைக்கப்பட்டது மிகப் பழைய காலத்திலிருந்தே என்பதைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஓகனாகனுக்கென்றே ஒரு சாக்கை இனம் உண்டு. ஃப்ரேசர் ஆற்றின் வழியாக அல்ல, அமெரிக்கப் பக்கம் கொலம்பியா ஆற்றில் நுழைந்து, ஒன்பது அணைகளைத் தாண்டி இங்கே வருகிறது. ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அழிந்துபோகும் நிலையில் இருந்தது. சியில்க்ஸ் மக்களின் அமைப்பான ஓகனாகன் நேஷன் அலயன்ஸ் பல வருஷம் பாடுபட்டு மீட்டெடுத்தார்கள். பென்டிக்டனில் 2014இல் அவர்களின் குஞ்சு பொரிப்பகம் திறக்கப்பட்டது. ஆப்ரிகாட் காய்க்கும் அதே பள்ளத்தாக்குக்கு அந்த மீன் ஏறி வருகிறது. இந்தச் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது.

பழம் பற்றி ஒரு தகவல்: 2024 ஜனவரியில் அடித்த கடுங்குளிரில் இங்கே பூமொட்டுகள் கருகி, அந்த வருஷம் ஆப்ரிகாட், பீச், நெக்டரின் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அதிலிருந்து நான் நல்ல விளைச்சல் கண்ட வருஷங்களில் பழத்தைப் பாதியாக வெட்டி உறையவைத்துக்கொள்கிறேன். உறைந்த பழம் கிளேஸுக்கு ஒரு குறையும் வைக்காது.

---

குழம்புச்சட்டி:

நான்கு தலைவர்கள் கதையை இதுவரை கேள்விப்பட்டதில்லை, நன்றி. சரி, ருசிக்கு வருவோம். ஃப்ரேசர்கரை சொல்வதில் தேன் ஒன்றரைக் கரண்டிதான், எலுமிச்சையும் இருக்கிறது. அப்படியென்றால் இது இனிப்புக் கிளேஸ்தானா, புளிப்புக் கிளேஸா?

---

ஃப்ரேசர்கரை:

புளிப்பு முன்னால், இனிப்பு பின்னால். அதைத்தான் சொல்ல வந்தேன். 100 கிராம் ஆப்ரிகாட்டில் சர்க்கரை 9 கிராம் அளவுதான். பாட்டில் ஜாமில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். ஜாமை அப்படியே தடவினால் நீங்கள் வெறுக்கும் அந்த ருசிதான் வரும். நம் வீட்டில் புளிக்குழம்புக்குச் சிட்டிகை வெல்லம் போடுவார்களே, இங்கே தேனின் வேலையும் அதுதான். புளிப்பின் கூர்மையை மழுக்குகிறது.

அதோடு சால்மனின் கொழுப்பை வெட்டுவதற்கு அமிலம் வேண்டும். எலுமிச்சைத் துண்டு வைத்துப் பரிமாறுவதும் அதற்குத்தான். ஆப்ரிகாட் அதே வேலையைச் செய்வதோடு, தன்னிடமுள்ள பெக்டின் என்ற பிசின் போன்ற பொருளால் மீன்மேல் ஒட்டியும் நிற்கிறது.

---

வெள்ளாவி (எட்மன்டன்):

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு ஓவனில் தேன் போட்ட எந்தக் கிளேஸும் ஓரத்தில் கருகிக் கசக்கிறது, நடுவில் மீன் இன்னும் வேகாமல் இருக்கிறது. வெப்பத்தைக் குறைத்தால் நிறமே வருவதில்லை. என்ன செய்ய?

---

ஃப்ரேசர்கரை:

நீங்கள் கிளேஸை ஆரம்பத்திலேயே பூசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தேனில் ஃபிரக்டோஸ் அதிகம். அது 110 டிகிரி பக்கமே நிறம் மாறத் தொடங்கிவிடும். சாதாரணச் சர்க்கரை 160ஐத் தாண்ட வேண்டும். பழத்திலும் ஃபிரக்டோஸ் உண்டு. ஆக, 200 டிகிரி ஓவனில் மெல்லிசான ஓரம் முதலில் காய்ந்து, காய்ந்ததும் சூடேறி, கருகிவிடுகிறது. நடுவில் மீன் ஈரத்தை விட்டுக்கொண்டே இருப்பதால் அங்கே கிளேஸ் சூடாவதில்லை.

மீனை வேகவைப்பதும் கிளேஸுக்கு நிறம் கொண்டுவருவதும் இரண்டு தனி வேலைகள். முதலாவதற்கு மெதுவான சூடு, இரண்டாவதற்கு மேலிருந்து சட்டென்று அடிக்கும் சூடு. ஒரே வெப்பத்தில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று கெடும். வாலோரம் மெல்லிசாக இருந்தால் அதை உள்பக்கமாக மடித்து வையுங்கள், கனம் சமமாகும்.

பிராயிலுக்குப் போகும்போது தட்டில் பேக்கிங் பேப்பர் இருக்கக் கூடாது. அது சுமார் 220 டிகிரி வரைதான் தாங்கும், மேல் கம்பிக்கு அருகில் தீப்பிடிக்கலாம். அலுமினியத் தாள் போடுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்தபடி பக்கத்திலேயே நில்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் வேறு வேலை வேண்டாம்.

---

வல்வெட்டி (ஸ்கார்பரோ):

அக்கா, உங்கள் மெதுவான முறைக்கு நான் எதிர்க்கட்சி. வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் பசியோடு நிற்கும்போது உப்புத் தண்ணீர், அரை மணி ஃப்ரிட்ஜ், 135 டிகிரி எல்லாம் நடக்காது. இங்கே எங்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது பண்ணை அட்லாண்டிக் சால்மன். நான் போறணையை 220இல் சூடாக்கி, ஒரு அங்குலக் கனத்துக்கு 10 நிமிடம் என்று கணக்கு வைத்துச் செய்கிறேன். கனடா மீன்வளத் துறை ஒரு காலத்தில் பரப்பிய அதே விதிதான். ஏழாவது நிமிடம் வெளியே எடுத்துக் கிளேஸ் பூசி உள்ளே தள்ளினால் மூன்று நிமிடத்தில் முடிந்தது. மீன் காய்வதே இல்லை.

வெடுக்கு போக மஞ்சளும் தேசிக்காயும் தடவி வைப்பேன், அதையும் விடமாட்டேன்.

---

ஃப்ரேசர்கரை:

உங்கள் மீனுக்கு உங்கள் முறை சரி, வல்வெட்டி. பண்ணை அட்லாண்டிக்கில் 100 கிராமுக்கு 13 கிராம் அளவு கொழுப்பு. கொஞ்சம் கூட வெந்தாலும் கொழுப்பு காப்பாற்றிவிடும். சாக்கையில் அதில் பாதியளவுதான் இருக்கும், ஃபில்லட்டும் மெல்லிசு. 10 நிமிட விதியை அதற்குப் போட்டால் மரத்தூள் மாதிரி ஆகும். நான் மெதுவாகச் செய்வது மீனைப் பார்த்துத்தான். சினூக் என்ற வகை சால்மன் கிடைத்தால் நானும் வேகமாகவே செய்வேன், அதில் கொழுப்பு தாராளம்.

தேசிக்காய் மட்டும் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அமிலம் மேற்பரப்பை அடுப்பில் வைக்கும் முன்பே வெளுக்கவைத்து இறுக்கிவிடும்.

---

பனிக்கடல் (ஓஸ்லோ):

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 80களில் இங்கு வந்த தமிழர் பலர் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலை செய்தவர்கள், என் பெரியப்பாவும் அப்படித்தான். அங்கே பெரும்பாலும் காட் மீன். ஆனால் கத்தி பிடிப்பதையும் முள் எடுப்பதையும் அவரிடம்தான் பார்த்துப் பழகினேன்.

அவர் சொல்லித்தந்த ஒன்று: சால்மன் ஃபில்லட்டின் நடுவே வரிசையாக நிற்கும் சிறு முட்களைத் தலைப்பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் சதை கிழியும். மீன் மிகப் புதிதாக, விறைப்பு விடாமல் இருந்தால் முள் வராது, விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் பொறுத்து எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். கிளேஸ் போடும் மீனுக்கு இது முக்கியம், ஏனென்றால் கிழிந்த இடத்தில் பழச்சாறு இறங்கித் தேங்கி அங்கேயே கருகும்.

நான் இங்கே லிங்கன்பெரி எடுக்கிறேன். செப்டம்பரில் ஓஸ்லோவைச் சுற்றிய காடுகளிலேயே பறிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். புளிப்பும் லேசான கசப்பும் உள்ள பழம். 200 கிராமுக்கு 40 கிராம் சர்க்கரை, கொஞ்சம் வெந்நீர், நசுக்கிய மிளகு. நார்வேக்காரர்கள் இதை இறைச்சியோடுதான் சாப்பிடுவார்கள், மீனில் போட்டால் புருவத்தை உயர்த்துவார்கள். எங்கள் பண்ணை சால்மனின் கொழுப்புக்கு இதைப் போல வேறு எதுவும் ஈடு கொடுப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளாவி, உங்கள் மீனில் வெள்ளையாகத் தயிர்த்திட்டு மாதிரி ஏதாவது கசிகிறதா? அது அல்புமின் என்ற புரதம். சூடு அதிகமானால் சதை சுருங்கி அதை வெளியே பிதுக்கும். கிளேஸுக்குக் கீழே அது வந்தால் பூச்சு உரிந்து வழுக்கும். ஃப்ரேசர்கரை சொன்ன 10 நிமிட உப்புத் தண்ணீர் அதைப் பெருமளவு குறைக்கும். வல்வெட்டி அண்ணா, நேரமில்லாத நாளிலும் அந்த ஒன்றை மட்டும் செய்து பாருங்கள், போறணை சூடாகும் நேரத்திலேயே முடிந்துவிடும்.

---

வல்வெட்டி:

அது நியாயம்தான். போறணை சூடாகவே 10 நிமிடம் எடுக்கும், செய்து பார்க்கிறேன்.

---

அடையாற்று அடுப்பு (சென்னை):

ஆப்ரிகாட் இங்கே உலர்ந்ததுதான் சுலபமாகக் கிடைக்கும். மாம்பழம், அன்னாசி, பப்பாளி எது பொருந்தும்? எங்கள் கடையில் இந்தியன் சால்மன் என்று ஒன்று விற்கிறார்கள், உறைந்த நார்வே சால்மனைவிட விலை குறைவு. அதில் செய்யலாமா? என்னிடம் இருப்பது சின்ன ஓடிஜி ஓவன்.

---

ஃப்ரேசர்கரை:

அந்த இந்தியன் சால்மன் நம் காலா மீன். நல்ல மீன்தான், ஆனால் வேறு குடும்பம். சதை வெள்ளை, கொழுப்பு குறைவு. இந்த முறையில் செய்யலாம், ஆனால் கிளேஸில் ஒரு கரண்டி வெண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள், புளிப்பைக் கொஞ்சம் குறையுங்கள். கொழுப்பில்லாத மீனுக்கு இவ்வளவு அமிலம் தேவையில்லை.

பழத்தில் கவனம் வேண்டும். அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன, கிவியிலும் உண்டு. பச்சையாக அரைத்து மீன்மேல் வைத்தால் மேல் சதை மாவாகிவிடும். கொதிக்கவைத்துவிட்டால் அந்த நொதி செத்துவிடும், பிறகு பயமில்லை. டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டதுதான்.

மாம்பழத்தில் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பங்கனப்பள்ளி மாதிரி முழு இனிப்புப் பழம் வேண்டாம். செங்காயான கிளிமூக்கு எடுங்கள், புளிப்பும் இனிப்பும் சேர்ந்தே இருக்கும். உலர்ந்த ஆப்ரிகாட் என்றால் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அரையுங்கள், தேன் போட வேண்டாம், எலுமிச்சையைக் கூட்டுங்கள். ஓடிஜியில் கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பியை மட்டும் போட்டு, தட்டை மேல் தட்டுக்கு மாற்றினால் போதும்.

---

கீரைக்கட்டு (பர்னபி):

50 டிகிரி என்பது பாதுகாப்பா? என் தங்கை கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

---

கெலோனாவாசி:

தங்கைக்கு 50 டிகிரி வேண்டாம். ஹெல்த் கனடா மீனுக்குச் சொல்வது 70, அமெரிக்காவில் 63. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு துண்டைத் தனியாக, கனமான கொழுப்புள்ள பகுதியிலிருந்து வெட்டி முதலிலேயே வைத்துவிடலாம். கொழுப்புள்ள இடம் 70லும் ஓரளவு மென்மையாக இருக்கும்.

மற்றவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டு சால்மனில் அனிசாக்கிஸ் புழு இருப்பது சகஜம். 50 டிகிரி அதைக் கொல்லாது. குறைந்த சூட்டில் செய்வதென்றால் உறையவைத்த மீனாக இருக்க வேண்டும்: கழித்தல் 20 டிகிரியில் 7 நாள் என்பது அமெரிக்க உணவுத் துறையின் கணக்கு. பல வீட்டு ஃப்ரீசர்கள் கழித்தல் 18தான் போகும். ஸ்டீவ்ஸ்டனில் படகிலேயே உறையவைத்த மீன் கிடைக்கும், அதை வாங்குவது நல்லது. புதிய மீன்தான் உயர்வு என்ற எண்ணத்தை சாக்கை விஷயத்தில் விட்டுவிடலாம்.

---

ஃப்ரேசர்கரை:

கெலோனாவாசி சொன்னதை முதல் பதிவிலும் சேர்த்துப் படியுங்கள். நான் செய்வது படகில் உறையவைத்த மீனில்தான். முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி மெதுவாக உருகவிடுவேன்.

---

குழம்புச்சட்டி:

வார இறுதியில் செய்து பார்த்தேன். பாதி ஃபில்லட்டில் உங்கள் அளவு, மீதிப் பாதியில் தேனே இல்லாமல். தேன் இல்லாத பாதி எனக்குப் பிடித்தது, ஆப்ரிகாட்டும் கடுகும் மட்டுமே போதுமாக இருந்தது. வீட்டில் மற்றவர்கள் தேன் போட்ட பாதியை முதலில் காலி செய்தார்கள். மிளகாய் ஃபிளேக்ஸுக்குப் பதிலாக நுணுக்கிய மிளகு போட்டேன், ஆப்ரிகாட்டோடு நன்றாகச் சேர்கிறது. சோறு, பருப்பு, வதக்கிய கீரையோடு சாப்பிட்டோம். இனிப்பு மீனைப் பற்றி முதலில் எழுதியதில் உணவகத்துப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி. கிளேஸ் பாதிக்கு மேல் மிச்சமாகிவிட்டது. எத்தனை நாள் வைக்கலாம்?

---

ஃப்ரேசர்கரை:

மீனைத் தொட்ட பிரஷ் அதில் பட்டிருந்தால் அன்றே கொட்டிவிடுங்கள். அதனால்தான் பூசுவதற்கு வேண்டியதை முதலிலேயே சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பிரஷ் படாதது ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். சர்க்கரை குறைவு என்பதால் ஜாம் மாதிரி மாதக்கணக்கில் நிற்காது. ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு துண்டுக்கு இரண்டு கட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். டிசம்பரில் ஆப்ரிகாட்டுக்கு எங்கே போவது? உருக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சை சேருங்கள், உறைந்ததில் புளிப்பு கொஞ்சம் மங்கியிருக்கும்.